சூதரங்கில் ஒரு பையன்

கொக்குவிலில் ஒரு வீட்டிலே சாவு நேர்ந்தால் முற்றத்தில் பந்தர் எழும். பந்தரின் கீழே பாய் விரியும். விடியுமளவும் விழித்திருக்க வேண்டியவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து முந்நூற்றுநாலு ஆடுவார்கள். யாழ்ப்பாணக் கிராமங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்கம் இது. தோட்டத்தில் நீர் இறைத்தவரும், சுருட்டுக் கொட்டிலிலிருந்து புகையிலை மணம் மாறாமல் வந்தவரும், உத்தியோகத்தினின்று இளைப்பாறியவரும் அப்போது ஒரே பாயில் அமர்வர். துயர வீட்டில் ஆட்டமா என்று பிறநாட்டார் வியக்கலாம். இரவு நீளமானது, உறக்கம் பொல்லாதது, அதனை விரட்ட இதனினும் நல்ல உபாயம் கிடைக்கவில்லை என்பதே அதற்கு விடை.

இந்த ஆட்டத்தின் பெயரே ஒரு கணக்கு. 52 சீட்டுக்கள் கொண்ட கட்டிலே இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கினால் எஞ்சுவன 32. அவற்றுள் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76 ஆக, நான்கு சாதிக்கும் 304. அரசனுக்கு மூன்று, அவன் ஏவலாளனுக்கு முப்பது என்னும் இந்தத் தலைகீழ் நீதி ஐரோப்பாவிலுள்ள யாஸ் என்னும் ஆட்டக் குடும்பத்திலும் உண்டு. ஆகவே 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் வழியாக அது இங்கு வந்திருக்கலாம் எனச் சீட்டாட்ட வரலாறு ஆய்ந்தோர் கருதுவர். ஆட்டம் எவ்வழி வந்ததாயினும், சீட்டுச் சாதிகளின் பெயர்களில் ஒல்லாந்தர் கை தெளிவாகத் தெரிகின்றது. இஸ்கோப்பன், கலாவரை என்று கொக்குவிற் கிழவர் கூறுவன அவர்கள் மொழியில் ஸ்கோப்பன், கிளாவர் என வழங்கும் சொற்களே. கோட்டையை விட்டுப் போனவர்கள் கடுதாசிக் கட்டிலே தங்கள் மொழியை விட்டுப் போயினர்.

ஆடுவோரின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிறுவன் நிற்பான். எந்தச் சீட்டு விழுந்தது, எது விழவில்லை, துருப்பு யார் கையில் ஒளிந்திருக்கின்றது என்பதெல்லாம் ஆடுகிறவர்களைவிட அவனுக்கே நன்கு தெரியும். நால்வரில் ஒருவர் எழுந்து போகும்போது அவனுக்கு ஓர் இடம் கிடைக்கும். அவன் வென்றால் பெறும் பரிசு ஒரு குவளை தேநீரும், "பெடியன் கெட்டிக்காரன்" என்ற ஒரு சொல்லுமே. மறுநாட் காலையில் அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். அந்த ஞாபகசக்தி பின்னர் கணிதத்துக்கோ, கணக்குப் பதிவுக்கோ, வைத்தியப் படிப்புக்கோ பயன்படும். சிலவேளை ஒன்றுக்கும் பயன்படாது போகும்.

அத்தகைய சிறுவன் ஒருவன் நியூ யோர்க் நகரத்தின் நெருக்கமான குடியிருப்பொன்றிலே, சூதாடுவோர் கூடும் மதுக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தான். அவனையும் "பெடியன்" என்றே அழைத்தார்கள். ஆங்கிலத்திலே "த கிட்" என்பது அவனுக்கு இட்ட பெயர். ஸ்டூவர்ட் அங்கர் என்பது பெற்றோர் இட்ட பெயர். போக்கர் என்னும் சீட்டாட்டத்திலே உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவன் அவன். அவனது வாழ்வு, சீட்டாட்டம் திறமையா அதிட்டமா என்ற பழைய வினாவுக்கு நேரான விடை தராமல், அந்த வினாவையே வேறொரு வடிவில் திருப்பித் தருகின்றது.

சூதின் கதைகள் தமிழருக்குப் புதியன அல்ல. வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். புகழேந்தி நளன் கதையை வெண்பாவாக்கினார். பாரதியார் சகுனியின் காய்களைப் பாஞ்சாலி சபதத்திலே உருளவிட்டார். அக்கதைகளிலே இரு சாரார் உளர். ஒருவர் ஆட்டத்தின் நுட்பம் அறிந்தவர், சகுனி அத்தகையவன். மற்றவர் நுட்பம் அறியாமலே ஆசையால் அமர்ந்து அனைத்தையும் இழப்பவர்; தருமன் அத்தகையவன். அறிந்தவன் வெல்வான், அறியாதவன் தோற்பான் என்பது கதையின் அமைப்பு. அறிந்தவனே தோற்பவனாகவும் இருந்தால் என்ன நேரும் என்பதை அப்புலவர்கள் பாடவில்லை. அங்கரின் வரலாறு அதைத்தான் சொல்கின்றது.

அவன் பிறந்தது 1953ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி. யூத குடும்பத்துப் பிள்ளை. நியூ யோர்க்கின் கீழைக் கிழக்குப் பகுதி எனப்படும் வட்டாரத்தில் வளர்ந்தான். தந்தை மதுக்கடை நடத்தியதோடு பந்தயப் பணமும் வாங்கினார். மகன் சூதாடக் கூடாது என்பதிலே தந்தைக்குக் கருத்திருந்தது என்பர். தன் கடையிலே நாள்தோறும் நடப்பதைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று ஒரு தந்தை நினைப்பது இயல்பு. கடையை மூடாமல் அப்படி நினைப்பது பயனற்றது. பத்து வயதளவில் அவன் ஓர் ஆட்டப் போட்டியில் வென்றுவிட்டான். பதின்மூன்று பதினான்கு வயதில் தந்தையை மாரடைப்புக்கு இழந்தான். உயர்தரப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, தாயையும் சகோதரியையும் காப்பாற்றச் சீட்டாடத் தொடங்கினான். பிற்காலத்தில் அவனைப் பற்றி எழுதியோர் அவனது துணிவை வியந்தார்களேயன்றி, பள்ளிக்கூடம் விட்ட அந்த நாளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் உழைப்பிலே ஒரு வீடு உண்ணத் தொடங்கிய நாள் அது.

அவன் ஆடிய ஆட்டம் அப்போது போக்கர் அன்று, ஜின் ரம்மி. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆளுக்குப் பத்துச் சீட்டு எடுத்து, ஒன்றை வாங்கி ஒன்றைக் கழித்து, சீட்டுக்களை இனஞ்சேர்க்கும் ஆட்டம் அது. முந்நூற்றுநாலு ஆடுகிறவருக்கு இதன் சாரம் உடனே விளங்கும். எதிராளி கழித்த ஒவ்வொரு சீட்டும் அவன் கையிலிருப்பதைப் பற்றிய ஒரு செய்தி. அச்செய்திகளை மறவாதவன் சில சுற்றுக்களுக்குள் எதிராளியின் கையைத் தன் கையைப் போலவே அறிந்துவிடுவான். அங்கர் ஒன்றையும் மறவாதவன். அக்காலத்தில் நியூ யோர்க்கிலும் அதற்கு வெளியிலும் பெயர் பெற்றிருந்த ஜின் ஆட்டக்காரர் பலர் அவனிடம் தோற்றனர். சிலர் ஒருமுறை தோற்றபின் சீட்டையே தொடவில்லை என்றுங் கூறுவர்.

இந்தத் திறமையே அவனுக்கு முதல் இடையூறாயிற்று. எவரும் வெல்ல முடியாதவனோடு எவர் பணம் வைத்து ஆடுவார்? வெல்லும் வாய்ப்புச் சிறிதேனும் உண்டு என்ற நம்பிக்கை எதிராளிக்கு இருக்கும்வரையே ஆட்டம் நடக்கும். அதனால் சீட்டுக்களைக் காட்டி ஆடுவது, சீட்டுப் பங்கிடும் உரிமையை எதிராளிக்கே விடுவது என அவன் பலவாறு சலுகை கொடுத்தான். அவற்றோடும் வென்றான், ஆட்கள் குறைந்தார்கள். இதனிடையே ஜின் ஆட்டத்தில் வென்ற பணம் குதிரைப் பந்தயத்திலே போய்க்கொண்டிருந்தது. கடன் மிகுந்தமையால் 1970களின் நடுவிலே அவன் நியூ யோர்க்கை விட்டு மியாமிக்கும், அங்கிருந்து 1977 அளவில் லாஸ் வேகாஸ் நகரத்துக்கும் போனான். சீட்டுக் களத்தில் ஒருவரிடமும் தோலாதவன் குதிரைக்குத் தோற்று ஊர்விட்டு ஓடினான் என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இந்த வரலாற்றிலே அது மீண்டும் மீண்டும் வரும்.

லாஸ் வேகாஸ் வந்தபோது அங்கருக்கு வயது இருபத்து மூன்றோ நான்கோதான். மெலிந்த குட்டையான உடல்; பள்ளி மாணவன் போன்ற முகம். அந்தத் தோற்றமே "பையன்" என்ற பெயரை நிலைக்கச் செய்தது. அங்கும் ஜின் போட்டிகளில் அவரே வென்றார். அவர் சேர்ந்தால் மற்றையோர் சேர மறுப்பதால், சூதாட்ட விடுதிகள் சில அவரைப் போட்டிக்கு வரவேண்டாம் என்று வேண்டின. 1977இல் பொப் ஸ்டுபாக் என்னும் விடுதி உரிமையாளர் ஒரு பந்தயம் கட்டினார். ஆறு கட்டுச் சீட்டுக்களை, அதாவது 312 சீட்டுக்களை, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துப் போய் இறுதியில் எஞ்சுவது யாதென்று கூறல் இயலாது என்பது ஸ்டுபாக்கின் கட்சி. பந்தயப் பணம் இலட்சம் டொலர். அங்கர் வென்றார்.

நளன் கதையை அறிந்தவர்க்கு இது கேட்டதொரு செய்தியாகவே தோன்றும். உருமாறி வாகுகன் என்ற பெயரோடு தேரோட்டிய நளனுக்கு, இருதுபன்னன் என்னும் அரசன் தான்றி மரத்தின் காய்களையும் இலைகளையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்னான். தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தபோது கணக்குச் சரியாயிருந்தது. அந்த எண்ணும் வித்தையும் சூதின் மருமமும் ஒன்றே என்று நளன் உணர்ந்து, தான் அறிந்த குதிரை வித்தையைக் கொடுத்து அதனைப் பெற்றான். மகாபாரதம் கூறும் இக்கதையிலே சூதும் கணிதமும் உடன்பிறந்தவை என்ற உண்மை அடங்கியிருக்கின்றது. ஐரோப்பாவிலே நிகழ்தகவுக் கணிதம் பிறந்ததும் சூதாடிகள் கேட்ட கேள்விகளிலிருந்தே. ஆனால் நளன் குதிரையையும் அறிந்திருந்தான். அங்கர் எண்ணை மாத்திரமே அறிந்தவர்.

ஜின் ஆடுவதற்கு ஆளில்லாது போகவே, வேறு வழியின்றி அங்கர் போக்கருக்கு வந்தார். போக்கர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களிலும் வளர்ந்த ஆட்டம். சீட்டுக்கள் சீனத்திலே தோன்றி, மேற்காசியா வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தவை. போக்கரின் தனித்தன்மை, கையிலுள்ள சீட்டைவிட அதைப்பற்றி எதிராளி என்ன நினைக்கின்றான் என்பதற்கே மதிப்பு மிகுதி என்பதாகும். வெறுங்கையோடு இருப்பவனும் துணிந்து பணம் வைத்தால், நல்ல கையோடு இருப்பவன் அஞ்சி விலகக்கூடும். முந்நூற்றுநாலிலும் இல்லாத கையைக் கேட்டு ஏமாற்றுவார் உண்டு; ஆனால் அங்கே ஈற்றில் எல்லாச் சீட்டும் பாயில் விழும். போக்கரிலே பொய் வெளிப்படாமலே வென்றுவிடலாம். ஜோன் வொன் நொய்மான் என்னும் கணித மேதை 1928இலும், பின்னர் மோர்கன்ஸ்ரேணுடன் சேர்ந்து 1944இலும் விளையாட்டுக் கோட்பாட்டை வகுத்தபோது போக்கரை எடுத்து ஆராய்ந்ததற்கும் இதுவே காரணம்.

போக்கர் வகைகளிலே டெக்சாஸ் ஹோல்டம் என்பது பெரும் போட்டிகளுக்கு உரியது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். பின்னர் மேசை நடுவிலே எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, அதன்பின் ஒன்று என ஐந்து சீட்டுக்கள் திறக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தை அமைப்பவன் வெல்வான். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம். எல்லையற்ற ஆட்டமாயின் எந்நேரமும் தன்னிடமுள்ள முழுவதையும் நடுவே தள்ளலாம். மறைவான இரு சீட்டுக்கள் 1,326 விதமாக அமையக்கூடும். எதிராளியிடம் இவற்றுள் எது இருக்கின்றது என்பதை அவன் செய்கை கொண்டே சுருக்கிச் சுருக்கி வருதல் வேண்டும்.

லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தமது ஹோர்ஸ்ஷூ விடுதியிலே 1970இல் தொடங்கிய போட்டியே போக்கரின் உலகத் தொடர் ஆயிற்று. அதன் பெரும் போட்டியிலே சேரக் கட்டணம் 10,000 டொலர். 1980இல் சேர்ந்தோர் 73 பேர். ஹோல்டம் ஆட்டத்திலே அங்கருக்கு அப்போது பழக்கம் மிகக் குறைவு. இறுதியில் எஞ்சியோர் இருவர்: ஒருவர் அங்கர், மற்றவர் 1976இலும் 1977இலும் பட்டம் வென்ற டொயில் பிரன்சன். பருத்த உடலும் அமைதியான பார்வையும் கொண்ட டெக்சாஸ்காரர் பிரன்சன். அங்கருக்குத் தந்தை போன்ற வயதினர். போட்டி நடக்க நடக்கவே ஆட்டத்தைக் கற்றுத் தேறிவரும் ஒருவரை அப்போதுதான் கண்டதாகப் பிரன்சன் பின்னர் குறிப்பிட்டார்.

கடைசி ஆட்டத்திலே பிரன்சனிடம் ஆசும் ஏழும் இருந்தன. அங்கரிடம் இஸ்கோப்பன் நாலும் ஐந்தும். நடுவிலே ஆசு, ஏழு, இரண்டு என மூன்று சீட்டுக்கள் விழுந்தன. பிரன்சனுக்கு இரண்டு சோடிகள் அமைந்துவிட்டன. அங்கருக்கோ ஒரு சோடியும் இல்லை. ஆனால் ஒரு மூன்று விழுந்தால் ஆசு, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என வரிசை அமையும். அவர் காணாத 47 சீட்டுக்களில் மூன்றுகள் நாலே. சாதாரண ஆட்டக்காரர் இங்கே விலகுவர். அங்கர் விலகவில்லை. மூன்று வாராவிடின் இழப்புச் சிறிது. வந்தாலோ, இரண்டு சோடி வைத்திருப்பவர் தம்மிடமுள்ள அனைத்தையும் இழக்கும்வரை விடமாட்டார் என்பது அவர் கண்ட கணக்கு. அடுத்த சீட்டு மூன்று. பிரன்சனின் பணம் முழுவதும் நடுவே வந்தது. இருபத்தாறு வயதிலே அங்கர் உலக வீரரானார். அதுவரை அத்துணை இளைய ஒருவர் அப்பட்டத்தை வென்றதில்லை. அடுத்த ஆண்டு 75 பேர் சேர்ந்த போட்டியில் பெரி கிரீன் என்பாரை வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். அம்முறை பரிசு 375,000 டொலர்.

இளமையிலே இத்தகைய புகழ் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் அருகில் இருக்கவில்லை. வெற்றிகள் தொடர்ந்தன. 1984, 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் அமரில்லோ ஸ்லிம் என்பவர் நடத்திய பெரும் போட்டியையும் வென்றார். ஆனால் வென்ற பணம் வீட்டுக்கு வரவில்லை. குதிரைப் பந்தயம், காற்பந்துப் பந்தயம், பகடை, யாரோ ஒருவர் நடைபாதையிலே கட்டும் பந்தயம் என எல்லாவற்றிலும் போயிற்று. சீட்டு மேசையில் ஒரு டொலரின் நியாயத்தையும் நுணுகிக் கணக்கிட்டவர், மேசையை விட்டு எழுந்தவுடன் கணக்கை மறந்தார். குதிரை ஓடும் களத்திலும் பகடை உருளும் மேசையிலும் எதிரே மனித முகம் இல்லை, படிப்பதற்கு ஒன்றுமில்லை, விடுதிக்காரனும் பந்தயக்காரனும் தங்கள் பங்கை முன்னரே எடுத்துக்கொள்கின்றனர். அங்கே நெடுங்காலம் ஆடுபவன் தோற்றே ஆகவேண்டும் என்பது பள்ளிக் கணிதம். அதை அவர் அறியாதவர் அல்லர். சீட்டு மேசையிலே சகுனியாயிருந்தவர் - வஞ்சகம் நீங்கலாக - குதிரைப் பந்தயத்திலே தருமனானார். பணத்தோடு கொக்கெயின் என்னும் போதைப் பொருளும் சேர்ந்தது. 1982இல் மணந்த மனைவியோடு 1986இல் மணமுறிவு ஏற்பட்டது. ஒரு மகள் தாயோடு வளர்ந்தாள்.

1990ஆம் ஆண்டு நிகழ்ந்தது ஒன்று உண்டு. உலகத் தொடரிலே மீண்டும் ஆடிய அங்கர் முதல் இரு நாட்களிலும் பெரும் தொகை சேர்த்திருந்தார். மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கியது, அவரைக் காணவில்லை. விடுதி அறையிலே போதைப் பொருளால் உணர்விழந்து கிடந்தார். போட்டி விதிப்படி, வராதவனுக்கும் சீட்டுப் பங்கிடப்படும். ஒவ்வொரு சுற்றிலும் முறைப்படி வைக்கவேண்டிய கட்டாயப் பந்தயம் அவனுடைய குவியலிலிருந்து எடுக்கப்படும். வெறுங் கதிரையின் முன்னே சீட்டுக்கள் விழுந்தன. விழுந்தபடியே திரும்பிச் சென்றன. குவியல் சிறிது சிறிதாகக் கரைந்தது. அவர் முன்னரே சேர்த்திருந்த தொகை அத்தனை பெரிதாயிருந்தமையால், அந்த வெறுங் கதிரை மற்றையோர் பலர் தோற்று எழுந்து போகும்வரை நின்றுபிடித்து ஒன்பதாம் இடத்தைப் பெற்றது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் பலர் உயிரோடும் விழிப்போடும் ஆடி அடைய இயலாத இடம் அது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அந்தக் கதிரையை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

இடையிலே 1989இல் பில் ஹெல்மூத் என்னும் 24 வயது இளைஞர் பட்டம் வென்றமையால், "மிக இளையவர்" என்ற பெயரும் அங்கரை விட்டுப் போயிற்று. அதன் பின்னர் சில ஆண்டுகள் அவர் பெயரை எவரும் பேசவில்லை. கடன் கொடுத்தோர் பேசியிருக்கக்கூடும்.

1997இல் போட்டி தொடங்கும் வேளையிலே அங்கரிடம் கட்டணத்துக்குப் பணமில்லை. பில்லி பக்ஸ்டர் என்னும் ஆட்டக்காரர் கடைசி நேரத்தில் 10,000 டொலர் கட்டினார். வென்றால் பாதிப் பங்கு என்பது உடன்படிக்கை. சேர்ந்தோர் 312 பேர். ஸ்டுபாக்கின் பந்தயத்திலே எண்ணிய சீட்டுக்களும் அத்தனையே என்பது ஒரு தற்செயல். மூக்கு உள்ளே அமிழ்ந்திருந்தது. அதை மறைக்க நீல வட்டக் கண்ணாடி அணிந்திருந்தார். முதல் நாள் களைப்பால் மேசையிலே தூங்கி விழுந்தார் என்பர். தம் மகளின் படத்தை உடன் வைத்திருந்தார். நாட்கள் செல்லச் செல்லப் பழைய ஆட்டம் திரும்பி வந்தது. இறுதி மேசையை அவ்வாண்டு விடுதிக்கு வெளியே, பிரிமொண்ட் வீதியின் திறந்த வெளியிலே போட்டார்கள். தொலைக்காட்சிக் கருவிகள் சூழ, வெயிலிலே ஆட்டம் நடந்தது. அங்கர் மற்றையோரை ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றினார்.

எஞ்சியவர் ஜோன் ஸ்ரெம்ப். ஈற்றிலே அவரிடம் ஆசும் எட்டும். அங்கரிடம் ஆசும் நாலும். நடுவிலே ஆசு, ஐந்து, மூன்று. பணம் முழுவதும் நடுவே வந்தபின் சீட்டுக்கள் காட்டப்பட்டன. ஸ்ரெம்பின் கையே அப்போது பெரிது. அடுத்தது இன்னொரு மூன்று. அப்போதும் அவருடையதே பெரிது. கடைசிச் சீட்டு இரண்டு. ஆசு, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பதினேழு ஆண்டுகளுக்கு முன் பிரன்சனை வீழ்த்திய அதே வரிசை. வரிசைகளுள்ளே மிகச் சிறியது அது. பத்து இலட்சம் டொலர் பரிசு. ஆடி வென்று அப்பட்டத்தை மூன்று முறை பெற்றவர் வேறு எவரும் இல்லை. முன்னவரான ஜொனி மொஸ்ஸுக்கும் மூன்று பட்டங்கள் உண்டெனினும், அவற்றுள் முதலாவது, 1970இல், மற்ற ஆட்டக்காரரின் வாக்கினாலே கிடைத்தது.

திறமையா, அதிட்டமா? கடைசிச் சீட்டு இரண்டாக விழுந்தது அதிட்டமே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 312 பேருள் அந்தச் சீட்டு விழும் இடத்துக்கு வந்து சேர்ந்தது அதிட்டமன்று. இந்த வினா நீதிமன்றங்களையும் விடவில்லை. தமிழ்நாட்டு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் செய்தபோது, ரம்மியையும் போக்கரையும் அதிட்ட ஆட்டங்கள் எனப் பட்டியலிட்டது. அவை திறமை ஆட்டங்கள் எனக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அப்பட்டியலை நீக்கியது. 2025இல் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிட்டமோ எதுவாயினும், பணம் கட்டி இணையவழியே ஆடும் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கையிலுள்ள தொலைபேசியிலே ஆடிக் கடன்பட்டு இளைஞர் பலர் உயிர் மாய்த்தமையே இந்தச் சட்டங்களுக்குப் பின்னணி. அவர்கள் சார்பிலே பார்த்தால், 2025ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வினாவை ஒதுக்கி வைத்தது தவறாகத் தோன்றவில்லை. திறமை ஆட்டம் என்பதனால் ஒருவனுக்குத் திறமை இருக்கின்றது என்று ஆகிவிடாது. திறமை இருந்தவருக்கே நேர்ந்ததை அங்கரின் கணக்கேடு காட்டும்.

பத்து இலட்சத்திலே பாதி பக்ஸ்டருக்குச் சென்றது. அங்கரின் பாதி சில மாதங்களுக்குள் பந்தயத்திலும் போதையிலும் தீர்ந்தது. 1998இல் பக்ஸ்டர் மறுபடியும் கட்டணம் கட்ட முன்வந்தார். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன், களைப்பாயிருக்கின்றது என்று கூறி அங்கர் ஆட மறுத்தார். பட்டத்தைக் காக்க வேண்டியவர் மேசைக்கு வரவேயில்லை. 1990இலே கதிரையேனும் இருந்தது.

அவர் இல்லாத காலத்திலே அந்த ஆட்டம் மிகப் பெரிதாயிற்று. இணையவழிப் போட்டியொன்றிலே சிறு தொகை கட்டித் தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் 2003இல் உலகப் பட்டத்தையும் 25 இலட்சம் டொலரையும் வென்றார். 2006இல் சேர்ந்தோர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டியது. 2009இல் ஜோ காடா என்பவர் 21 வயதிலே வென்றார். 2017இல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரரைக் கணினி ஒன்று தோற்கடித்தது. களைப்பும் குதிரையும் அறியாத அந்த ஆட்டக்காரன், அங்கரின் தலையிலே நடந்த கணக்கையே வேறு வகையில் செய்தது. அங்கரின் பெயர் 2001இல் போக்கர் புகழ் மண்டபத்தில் பொறிக்கப்பட்டது. போக்கரிலே தம்மைவிடச் சிறந்தவர் ஒருநாள் வரக்கூடும். ஜின்னிலே வாரார் என்று அவர் கூறுவதுண்டாம். தாம் முதலில் கற்ற ஆட்டத்தையே, பணம் தராது கைவிட்ட ஆட்டத்தையே, தம்முடையதாகக் கருதினார்.

அவர் இறந்தது 1998ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி. லாஸ் வேகாஸில் ஒயாசிஸ் என்னும் மலிவான தங்குமடத்து அறையிலே. வயது 45. நெடுங்காலப் போதைப் பழக்கத்தால் பழுதடைந்த இதயமே காரணமென வைத்தியப் பரிசோதனை கூறியது. கையிலிருந்தது ஏறத்தாழ 800 டொலர். வாழ்நாளில் அவர் வென்றது மூன்று கோடி டொலர் வரை இருக்கும் என மதிப்பிடுவர். வேறு சொத்து ஒன்றுமில்லாதபடியால், இறுதிக் கிரியையின் செலவுக்கு அங்கே கூடிய ஆட்டக்காரரிடம் ஒருவர் பணம் சேர்த்தார். அவர் பொப் ஸ்டுபாக். 1977இல் எஞ்சிய சீட்டு யாதென்று கேட்டு, இலட்சம் டொலர் தோற்றவர்.